கடுக்காயும் கடைசிப் பூச்சும்: தோலின் மேலேறும் நிறம் யாருடையது?

ஜவ்வாது மலையின் கடுக்காய் மரங்களுக்கும் பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைகளுக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் கடுக்காய் பொறுக்குவோர் மலையாளி பழங்குடியினர். மலைக்கு வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கி, சதை நீக்கி, பதனிட்டு வந்தவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். காட்டில் ஒருவர் பொறுக்கிய காயும் குழியில் இன்னொருவர் தூக்கிய தோலும் கலந்தே உலகச் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர்பெற்ற பொருள் உருவானது. அந்தப் பெயரில் இவ்விருவருமே இல்லை.

தோலின் மதிப்பு எங்கே உயர்கிறது என்ற கேள்விக்கு விடை அதன் மேற்பரப்பில் இருக்கிறது. ஒரே தோல் நிறமேறாமல் இருக்கும்போது கிலோக் கணக்கில் விலை போகிறது; சீரான நிறமேறிப் பையாகவோ, பணப்பையாகவோ, புத்தக உறையாகவோ மாறியபின் எண்ணிக்கைக் கணக்கில் விலை போகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு பூச்சு. அதைத் திட்டின்றி, கோடின்றி, அடியிலுள்ளது தெரியாமல் ஏற்றுவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. அந்தக் கடைசிப் பூச்சு ஏன் இதுவரை உழைத்தவர் கைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பத்தைச் சாதியிலிருந்து பிரித்துப் பேசுவது, இந்தத் தொழிலைப் பொறுத்தவரை, பாதி உண்மையைப் பேசுவதாகும்.

பாதி வேலை இங்கே, பெயர் அங்கே

கிழக்கிந்தியத் தோல் என்பது தாவரப் பதனிடல் முறையில் உருவாகும் தோல். ஆவாரம்பட்டையின் துவர்ப்புச்சாற்றில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்துவது அதன் அடிப்படை. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் படப்பட அது செம்மையேறும். அதைத் தடுக்கவும் தோலுக்கு வெளிர்மஞ்சள் பொலிவைத் தரவும் கடைசிக் கட்டத்தில் கடுக்காய்க் கரைசலில் தோலை ஊறவைப்பார்கள். பின்னர் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி உலர்த்துவார்கள். ஆக, இத்தோலின் நிறத்தைக் காத்ததே மலையிலிருந்து இறங்கிய கடுக்காய்தான்.

ஆனால் இப்படி உருவான தோல் ‘அரைப் பதத் தோல்’ என்ற பெயரிலேயே கப்பலேறியது. சாயமேற்றுதல், மெருகிடுதல், நிறம் பூசுதல் ஆகிய இறுதி வேலைகள் ஐரோப்பாவில் நடந்தன. நாற்றமும் சுண்ணாம்பும் கழிவுநீரும் இங்கே தங்கின. நிறமும் விலையும் வணிகப் பெயரும் அங்கே சேர்ந்தன. இந்நிலையை மாற்றவே 1972இல் சீதாராமையா குழு, கச்சாத் தோல், அரைப் பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப் பதத் தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. அதன் பிறகே நிறமேற்றும் பிரிவுகள் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பெருகின. 2008இல் கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாட்டுக்குள் நிறம் வந்தது. குழியில் நின்றவரின் கைக்கு வந்ததா? தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு படிநிலை உண்டு. ஈரமும் நாற்றமும் நிறைந்த முதற்கட்ட வேலைகள் ஒரு சாராருக்கு. நிறக்கலவையின் அளவுகளை எழுதிவைத்திருக்கும் குறிப்பேடு வேறொருவருக்கு. சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்வோரையே ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கிவைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். தோல் தொழிற்சாலையில் அந்த அடுக்கைக் கண்ணாலேயே காணலாம்: கீழே குழி, மேலே நிறம்.

சாயம் வேறு, பூச்சு வேறு

நிறமேற்றும் முறைகளை அறிய, முதலில் இரண்டு பொருட்களை வேறுபடுத்த வேண்டும். சாயம் நீரிலோ கரைப்பானிலோ முற்றிலும் கரைவது. தோலின் இழைகளுக்குள் ஊடுருவி அவற்றையே நிறமாக்குவது. சாயமிட்ட தோலில் மயிர்த்துளைகளும் சுருக்கக் கோடுகளும் தழும்புகளும் அப்படியே தெரியும். நிறமி கரையாதது, மிக நுண்ணிய தூளாக ஒரு பிணைபொருளில் மிதப்பது. பிணைபொருள் உலர்ந்து படலமாகும்போது நிறமி அதில் சிக்கித் தோலின்மேல் தங்குகிறது. ஒளிபுகாத, சமமான நிறம் வேண்டுமென்றால் நிறமிப் பூச்சுதான் வழி.

இந்த வேறுபாட்டைத் தோற்பாவைக் கூத்து பார்த்தவர்கள் எளிதில் உணரலாம். பாவையின் தோல் ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தப்பட்டது, அதற்குச் சாயமிடுவார்கள். பின்னாலிருந்து விளக்கொளி நிறத்தின் வழியே திரைக்கு வர வேண்டும். பையிலோ செருப்பிலோ ஒளி முன்னாலிருந்து பட்டு, நிறத்தில் மோதித் திரும்ப வேண்டும். பட்ட ஒளி பூச்சைக் கடந்து தோலைத் தொட்டுத் திரும்பினால், தோலின் பழுப்பு நிறமும் கலந்து கண்ணுக்கு வரும். மஞ்சள் பூசினால் அழுக்கு மஞ்சளாகத் தெரிவதன் காரணம் இதுவே.

ஒளியை மோதித் திருப்பும் ஆற்றலை மறைப்புத்திறன் என்கிறோம். அது நிறமிக்கும் பிணைபொருளுக்கும் இடையிலுள்ள ஒளிவிலகல் எண் வேறுபாட்டைப் பொறுத்தது. பிணைபொருளின் எண் ஏறக்குறைய 1.5. சுண்ணாம்புத் தூளின் எண் அதையொட்டி 1.6 அளவில் இருப்பதால், பிணைபொருளில் கலந்ததும் சுண்ணாம்பு மங்கலாகி, அடியிலுள்ளதைக் காட்டிவிடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7 அளவில் இருக்கிறது; அதனால் மெல்லிய படலமே வெள்ளையாக மறைத்துவிடுகிறது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டே இந்த வெள்ளைக்கு மூலக் கனிமம். கறுப்பு வேறு வழியில் மறைக்கிறது. ஒளியைத் திருப்பாமல் விழுங்கிவிடுகிறது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றில்தான் சிக்கல். ஒரு காலத்தில் ஈயக் குரோமேட்டு மஞ்சள் நன்றாக மறைக்கும் மலிவான நிறமியாக இருந்தது. ஈயமும் ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்த நஞ்சு அது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஈயமற்ற கரிம மஞ்சள்கள் பாதுகாப்பானவை. ஆனால் மறைப்புத்திறன் குறைந்தவை. எனவே நன்றாக மறைக்கும் மலிவான மஞ்சள் கிடைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்ட பிறகே கையில் எடுக்க வேண்டும். கேட்கும் உரிமை பூசுபவருக்கு உண்டு.

தோலை அறிதல்

கைவினைஞரின் கைக்கு வரும் தோல் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, மேற்பூச்சில்லாத தாவரப் பதத் தோல். வெளிர்பழுப்பாக, நீரை உறிஞ்சுவதாக இருக்கும். இரண்டாவது, குரோமியத்தில் பதனிட்டு நிறமேற்றிய காலணித் தோல். செருப்பு, ஷூ தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகள் இவ்வகை. மூன்றாவது, தடித்த தோலைக் கிடையாகப் பிளக்கும்போது கிடைக்கும் அடிப்பகுதி. இழை எழும்பிச் சொரசொரப்பாக இருக்கும்.

எது எந்த வகை என்றறிய ஒரு சொட்டு நீர் போதும். சொட்டு உடனே உள்ளிறங்கிக் கருமையான வட்டமானால், அது பூச்சில்லாத தோல். முத்தாக நின்றால், மேலே பூச்சோ மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. அதன்மேல் அப்படியே நிறம் பூசினால் சில நாட்களில் தகடாக உரிந்துவரும்.

பூச்சுள்ள துண்டுகளில், பருத்தித் துணியில் சிறிது அசிட்டோனை நனைத்து, ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியில் நிறம் ஏறியதும் அந்தப் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் எடுத்த மெழுகையே மீண்டும் தடவுகிறோம். பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கலானால் போதும். தோலை ஊறவிடக் கூடாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி தலைச்சுற்றலைத் தரும். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுத் திண்ணையில் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அன்று.

தாவரப் பதத் தோலில் எதிரிகள் இரண்டு. ஒன்று, பதனிடும்போது ஏற்றிய எண்ணெய். கை வைத்தால் பிசுபிசுக்கும் தோலைச் சிறிது ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, ஒருநாள் உலரவிட வேண்டும். இன்னொன்று, இரும்பு. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பாகும். கலம்காரித் துணியில் கறுப்பு பிறப்பதே கடுக்காயில் ஊறிய துணியின்மேல் துருவும் வெல்லமும் புளித்த நீரைத் தீட்டும்போதுதான். அங்கே கலையான அதே வினை, இங்கே கறையாகிவிடும். துருப்பிடித்த வாளியின் நீர், துருவேறிய கத்தி, இரும்பு ஆணி ஆகியவை ஈரத்தோலைத் தொடக் கூடாது.

பூசும் முறை

முதல் விதி: எந்தப் பூச்சு என்பதை அறிந்து வாங்குதல். சுவருக்கான எமல்ஷனும் இரும்புக்கான எனாமலும் தோலுக்கு ஆகா. எனாமல் காற்றோடு வினைபுரிந்து நாளுக்குநாள் இறுகும், தோல் நடக்கும்போதெல்லாம் மடங்கும், முடிவில் வெடிப்புதான். பள்ளிக்கூடப் போஸ்டர் வண்ணம் பசையால் பிணைக்கப்பட்டது. ஒரு துளி மழையில் கரைந்துவிடும். தோலுக்கென உள்ள அக்ரிலிக் பூச்சில் பிணைபொருள் மென்மையானது. உலர்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும். தொழிற்சாலைகளில் அக்ரிலிக், பாலியூரித்தேன் பிசின்கள் இந்த இடத்தை நிரப்புகின்றன. முன்பு பாலிலிருந்து பிரித்த கேசீன் அந்த வேலையைச் செய்தது.

இரண்டாம் விதி: தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய நான்கு பூச்சுகள் மேலானவை. தடித்த பூச்சில் மேற்புறம் முதலில் உலர்ந்து தோடாகிவிடும்; உள்ளீரம் பின்னர் வெளியேறும்போது தோடு சுருங்கி வெடிக்கும். மெல்லிய பூச்சில் ஒவ்வோர் அடுக்கும் முழுதாக உலரும். முந்தைய அடுக்கின் திட்டை அடுத்தது நிரப்பும். மறைப்பு பல அடுக்குகளின் கூட்டு விளைவு; முதல் பூச்சிலேயே அதை எதிர்பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதற்பிழை.

முதல் பூச்சு மறைப்பதற்கன்று, பற்றிக்கொள்வதற்கு. நான்கு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு சுத்தமான நீர் என்ற அளவில் நெகிழ்த்தி, மென்மையான தட்டைத் தூரிகையால் மெல்லத் தேய்க்க வேண்டும். நீர் அதற்கு மேல் மிகுந்தால் பிணைபொருள் வலுவிழக்கும். தாவரப் பதத் தோல் இடத்துக்கிடம் வேறுவேறாக உறிஞ்சும். முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்வானது. எனவே, பூசுமுன் பிழிந்த ஸ்பாஞ்சால் முழுப்பரப்பையும் ஒருமுறை ஒற்றி எடுத்தால் உறிஞ்சுதல் சமமாகும், திட்டு குறையும்.

அடர்நிறத் தோலில் மஞ்சளோ சிவப்போ வேண்டுமானால், இரண்டாவது பூச்சு வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளை அடித்தளம் தோலின் பழுப்பை வெட்டிவிடும். அதன்மேல் ஏறும் மஞ்சள் தன் சொந்த நிறத்தில் நிற்கும். அடித்தளமின்றி மஞ்சளையே எட்டு முறை பூசுவதைவிட, வெள்ளை இரண்டும் மஞ்சள் மூன்றும் பூசுவது மெல்லியதாகவும் உறுதியாகவும் அமையும். மஞ்சளுக்குள்ளேயே வெள்ளையைக் கலந்தாலும் மறைக்கும். ஆனால் நிறம் வெளிறிப்போகும்.

தூரிகைக் கோடு விழாதிருக்க மூன்று பழக்கங்கள் உதவும். ஓர் ஓரத்தில் தொடங்கிய வீச்சை மறு ஓரம்வரை நிறுத்தாமல் கொண்டுபோதல். ஒரு பூச்சை நீளவாட்டிலும் அடுத்ததைக் குறுக்குவாட்டிலும் இடுதல். பாதி உலர்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதிருத்தல். மூன்றாவதே கடினம். பிழை கண்ணில் பட்டதும் கை தானாகப் போகும். அரைகுறையாக உலர்ந்த படலத்தைத் தூரிகை இழுத்தால் அது சுருண்டு பொரியாகிவிடும். விட்டுவிட்டு, உலர்ந்தபின், மிக நைசான உப்புத்தாளால், 600ஆம் எண்ணோ அதற்கு மேலோ, பட்டும்படாமல் தேய்த்துத் தூசியைத் துடைத்தால் பிழை மறையும். ஒவ்வோர் இரண்டு பூச்சுக்கும் ஒருமுறை இப்படித் தேய்ப்பதே கண்ணாடிபோன்ற சமதளத்தின் இரகசியம்.

பிளந்த அடித்தோலில் இழைகளை முதலில் உப்புத்தாளால் அடக்கி, நிறமற்ற அக்ரிலிக் அடிப்பூச்சால் இரண்டு முறை அமர்த்திய பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். ஆம்பூர் வெட்டுத் துண்டுகளில் கீறலும் ஆணித்துளையும் உள்ளவை மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான்: சாயமிடுபவருக்கு அவை கழிவு, ஒளிபுகாப் பூச்சிடுபவருக்கு அவை மூலப்பொருள்.

உலரும் நேரம் இடத்தைப் பொறுத்தது. ஆம்பூரின் சித்திரை வெயிலில் கால்மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத பூச்சு, ஜமுனாமரத்தூரின் ஐப்பசி மூடுபனியில் பல மணி நேரம் எடுக்கும். நீர்வழிப் பூச்சின் துகள்கள் நீர் வெளியேறிய பின் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் படலமாகும்; குளிரும் ஈரமும் மிகுந்தால் அந்தச் சேர்க்கை முழுமையடையாது, பின்னாளில் தூளாக உதிரும். மலையில் இந்த வேலையைத் தொடங்குவோர் மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணை வைத்துக்கொள்வது நல்லது.

நிறம் முடிந்தபின் ஒருநாள் விட்டு, பளபளப்போ மங்கலோ வேண்டியபடி, நிறமற்ற மேற்பூச்சை மெல்லியதாக இரண்டு முறை இட வேண்டும். நிறமிப் படலம் அழகுக்கு; மேற்பூச்சு உராய்வுக்கும் ஈரத்துக்கும். பிறகு சோதனை. வெள்ளைத் துணியை உலர்ந்த நிலையில் ஐம்பது முறையும் ஈரமாக ஐம்பது முறையும் தேய்த்துப் பார்க்கலாம்; நிறம் ஏறக் கூடாது. ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென இழுக்கலாம். படலம் வரக் கூடாது. விரலைச் சுற்றி மடக்கலாம். வெடிப்பு தெரியக் கூடாது. தொழிற்சாலை ஆய்வகங்கள் இயந்திரத்தில் செய்யும் சோதனைகளின் எளிய வடிவங்கள் இவை. இம்மூன்றிலும் தேறிய துண்டை எந்தக் கடையிலும் தலைநிமிர்ந்து வைக்கலாம்.

நிறம் மறைப்பவை

ஒளிபுகாப் பூச்சு தழும்புகளை மறைக்கிறது. தோல் வணிகமும் அப்படியே சிலவற்றை மறைத்து வந்திருக்கிறது. 1996 ஆகஸ்டில், வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டைப் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் மீது நிலைநாட்டியது. ஆறு கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த புலம்பெயர் உழைப்பாளிகள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்ற சமூகம், அதே தோல் நிறமேறி வந்ததும் தோளில் மாட்டிக்கொள்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி அடித்தார்கள். 2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகர ஆடையணி மேடையில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பின் சாயலில் காலணிகளைக் காட்டியபோது, அதன் மூலத்தைக் குறிப்பிடவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே ஒப்புக்கொண்டது. அதே தோல், அதே கைகள். உரிக்கும் இடத்தில் சவுக்கு கிடைத்தது; மேடையில் பெயர் கிடைக்கவில்லை.

இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. வங்கத்தின் சாந்திநிகேதன் வட்டாரத்தில், தாவரப் பதத் தோலில் அழுத்தி வரைந்து வண்ணமிட்ட பைகள் இன்று புவிசார் குறியீட்டோடு விற்கின்றன. தாகூர் குடும்பத்தின் ஆதரவில் சிறிநிகேதனில் வளர்ந்த கைவினை அது. அங்கே தோலில் வண்ணம் தீட்டுவது கலை என்று அழைக்கப்பட்டது. வேலூர் வட்டாரத்தில் தோலைத் தொடுவது இழிவு என்று அழைக்கப்பட்டது. வேறுபாடு தோலில் இல்லை. தொட்டவரின் பெயரில் இருந்தது.

குலத்தொழிலா, கைத்திறனா?

இந்த இடத்தில் நியாயமான ஓர் அச்சம் எழுகிறது. தலித் இளைஞர்களுக்குத் தோல் வேலையைக் கற்பிப்பது, அவர்களை மீண்டும் அதே குழியில் இறக்குவதாகாதா? 1953இல் இராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வென்ற மண் இது. காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் 18 தொழில்களுக்கெனத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், குடும்பத் தொழில் என்ற அடிப்படையை வைத்ததால் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. அதற்கு மாற்றாகக் குடும்பத் தொழில் நிபந்தனையின்றி, 25 தொழில்களுக்கு, 35 வயதைக் கடந்தவர்களுக்கென 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. வயது வரம்பின் பொருள் தெளிவானது: படிக்கும் வயதில் எவரையும் தொழிலுக்குள் தள்ளக் கூடாது.

அந்த அச்சத்துக்கு எமது விடை இதுதான். தோலை விட்டு வெளியேறும் உரிமை முதன்மையானது. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சாக்கடைக்குள்ளும் சுண்ணாம்புக் குழிக்குள்ளும் பிறப்பால் எவரும் இறங்கக் கூடாது. ஆனால் தலைமுறைகளாக இறங்கியவர்களுக்கு, அத்தொழில் ஈட்டிய மதிப்பில் பங்கு கேட்கும் உரிமையும் உண்டு. குழி வேலை அவர்களுடையது என்றும் நிறவேலை மற்றவர்களுடையது என்றும் இருந்த பிரிவினையை உடைப்பது குலத்தொழிலைத் தொடர்வதாகாது, அதைத் தலைகீழாக்குவதாகும். பூச்சுக் கலை எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கட்டும். அதைக் கற்றுத்தரும் ஆசிரியர் இருக்கையில், விலையை முடிவுசெய்யும் மேசையில், பொருளின்மேல் பொறிக்கும் பெயரில் தலித்துகளும் பழங்குடியினரும் இருக்கட்டும்.

இதற்கு வானளாவிய முதலீடு தேவையில்லை. தேவையான அறிவு சென்னை அடையாற்றில் 1948இலிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. கடன் தரும் பொறுப்பு 1974இல் நிறுவப்பட்ட தாட்கோவுக்கு இருக்கிறது. தோல் துண்டுகள் ஆம்பூரிலும் பெரியமேட்டிலும் இருக்கின்றன. கடுக்காய் ஜவ்வாது மலையில் இருக்கிறது. இவை நான்கையும் ஒரே கூரையின்கீழ் இணைக்கும் பயிற்சிக்கூடங்கள் மலையடிவாரத்து ஊர்களில் அமைய வேண்டும். காற்றோட்டமும் கையுறையும் முகக்கவசமும் அங்கே சலுகையாக அன்றி விதியாக இருக்க வேண்டும். நிறக்கலவையின் அளவுகள் தமிழில் எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒருவரின் குறிப்பேட்டில் பூட்டிக்கிடக்கக் கூடாது. கடுக்காய் பொறுக்குவோருக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூல்மீது தரும் உரிமையின்படி, இடைத்தரகரின்றி விலை சேர வேண்டும்.

நல்ல பூச்சுக்கு அடித்தளம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். பழைய மெழுகைத் துடைக்காமல் புது நிறம் பூசினால், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், முதல் மடிப்பிலேயே உரிந்துவிடும். சாதியைத் துடைக்காமல் ‘கைவினை மேம்பாடு’ என்று மேலே பூசப்படும் திட்டங்களும் அப்படித்தான் உரிகின்றன. துடைக்கும் வேலை அலுப்பானது, பளபளப்பு இல்லாதது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.